ஈர மணலின் எடை

மலையடி மடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்துவிட்டது. பூச்சு வேலைக்கு மணல் வேண்டும்.

மடத்தை நடத்தும் மெய்யம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் கோதண்டத்துக்கு அறுபத்தைந்து. நெல் கிடங்கில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். அவர் மெய்யம்மையை "அம்மா" என்பார். மெய்யம்மை அவரை "ஐயா" என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"அம்மா, குவாரியில் மணலை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். நூறு கன அடி ஒரு யூனிட்டாம். எனக்கு எடைதான் தெரியும். நான் எதை வைத்துக் கேட்பது?"

"இரண்டையும் வைத்துக் கேளுங்கள்" என்றார் மெய்யம்மை.

முதல் லாரி நல்ல வெயிலில் வந்தது. பெட்டியின் விளிம்பு வரை மணல். மூன்று யூனிட். எடை மேடைச் சீட்டில் பதின்மூன்றரை டன். கோதண்டத்துக்கு மனம் நிறைந்தது. மூன்று யூனிட் என்றால் பதின்மூன்றரை டன் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் மழை விட்டதும் அதே அளவுள்ள இரண்டாவது லாரி வந்தது. ஓட்டி வந்தவன் மீரான். தார்ப்பாயை அவிழ்த்தான். கோதண்டம் மேலே ஏறி, இரும்புக் கம்பியை நான்கு மூலையிலும் தரை தட்டும் வரை குத்திப் பார்த்தார். குறையே இல்லை. விளிம்பு வரை மணல்.

பிறகு சீட்டைப் பார்த்தார். பதினொன்றரை டன்.

"வழியில் எங்கேப்பா இறக்கினே?"

"டீ குடிக்க நான் இறங்கினேன் ஐயா. மணல் இறங்கலை."

"விளையாடாதே. ரெண்டு டன் எங்கே?"

"கம்பி விட்டு நீங்கதானே பார்த்தீங்க. நிறைஞ்சுதானே இருக்கு?"

"பாதி வழியில் கொட்டிட்டு, மிச்சத்தை மண்வெட்டியால் கிளறி, பொலபொலன்னு மேலே ஏத்தியிருக்கே. எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் நெல்லு மூட்டை பார்த்தவன் நான். தண்ணி தெளிச்சுக் கொண்டுவருவானுங்க. ஈரம் பட்டா எடை கூடும். உன் மணல் நனைஞ்சிருக்கு, எடை குறையுது. இது எந்த ஊரு நியாயம்?"

கோதண்டம் குவாரி முதலாளியின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

"ஐயா, ஐயா, கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன். மணலை வித்துட்டான்னு ஒரு பேச்சு கிளம்பினா, இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் என் கையில வண்டிச் சாவி தரமாட்டான்."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

சத்தம் கேட்டு மெய்யம்மை சமையற்கட்டிலிருந்து வந்தார். கையில் உயரமான ஒரு கண்ணாடி ஜாடி. கழுவிக்கொண்டிருந்ததை அப்படியே எடுத்து வந்திருந்தார்.

"ஐயா, போன் அப்புறம் போடலாம். இதில் மணல் நிரப்புங்கள். அழுத்தாமல்."

கோதண்டம் லாரியிலிருந்து மணலை அள்ளி, ஜாடியின் வாய் வரை நிரப்பினார். மேலே விரலால் வழித்துச் சமன் செய்தார். எடை போட்ட கை, அளவு பிசகாது.

"நிறைந்திருக்கிறதா?"

"நிறைஞ்சிருக்கு அம்மா."

"இப்போது தண்ணீர் ஊற்றுங்கள்."

"வழிஞ்சிடுமே?"

"வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம்."

மீரான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தான். கோதண்டம் மெல்ல ஊற்றினார். மணல் தண்ணீரைக் குடித்தது. இன்னும் ஊற்றினார். இன்னும் குடித்தது. பிறகு மணல் கீழே இறங்க ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. அது தானாக அமர்ந்தது.

கலங்கல் நின்றபோது ஜாடியின் மேல் கால்பகுதியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. மணல் அதன் அடியில்.

கோதண்டம் ஜாடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"இல்லைங்க ஐயா, இதையும் நான் விக்கலை" என்றான் மீரான்.

மெய்யம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோதண்டத்துக்கு வரவில்லை.

"அம்மா, மணல் எங்கே போச்சு?"

"எங்கும் போகவில்லை. கொஞ்சம் ஈரம் பட்டால் மணல் துகள்கள் ஒன்றையொன்று நெருங்க விடாது. தள்ளித் தள்ளி நிற்கும். பெட்டி நிறைந்துவிடும், உள்ளே இடைவெளி இருக்கும். தண்ணீரில் முழுகினால் பழையபடி சேர்ந்துகொள்ளும்."

"நெல்லு அப்படி இல்லையே?"

"இது நெல் இல்லையே, ஐயா."

கோதண்டம் விடாமல் கேட்டார். "அப்போ இவன் கொண்டுவந்த மணல் குறைவுதானே?"

"குறைவுதான்."

"அப்போ இவன் எடுத்தானா?"

"எடுக்கவில்லை. மூன்று யூனிட் கேட்டீர்கள், மூன்று யூனிட் கொண்டுவந்திருக்கிறார். மழைக்காலத்தில் நாலுக்குக் கொஞ்சம் குறையக் கேட்டிருக்க வேண்டும்."

கோதண்டம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். மீரான் பெருமூச்சு விட்டு, லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான்.

"என் கணக்கு தப்பா அம்மா?"

"சரியான கணக்குதான். காய்ந்த மணலுக்கு."

மணலை இறக்கினார்கள். கோதண்டமும் ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டார். குவியல் முதல் லாரியின் குவியலைப் போலவே பெரிதாகத் தெரிந்தது. அவர் அதைச் சுற்றி வந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தார். விரல்களில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, அடுத்த லோடும் நீயே கொண்டு வா. முதலாளிகிட்ட நான் சொல்றேன்."

"எவ்வளவுன்னு சொல்லுவீங்க ஐயா?"

"வெயிலடிச்சா ஒண்ணு, மழை பெய்ஞ்சா ஒண்ணு."

மீரான் சிரித்தான். கோதண்டமும் இப்போது சிரித்தார். ஆனால் கேள்வி அவரை விடவில்லை. மெய்யம்மையிடம் திரும்பினார்.

"அம்மா, பெட்டி ஒன்று சொல்கிறது. தராசு ஒன்று சொல்கிறது. இனி நான் எதை நம்புவது?"

"இரண்டையும் நம்புங்கள், ஐயா. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், திருடனைத் தேடுவதற்கு முன்னால், வந்தவரிடம் மணல் அள்ளும்போது மழையா என்று கேளுங்கள்."

கோதண்டம் மீரானைப் பார்த்தார். மழையில் நனைந்த அவன் சட்டை இன்னும் காயவில்லை.