எடுக்காத இலைகள்

கல்யாண மண்டப முதலாளி தணிகாசலம் குதித்தார். "பழைய கல்யாண ஃபைலெல்லாம் நானே அழிச்சாச்சு, இன்னும் கம்ப்யூட்டர் நகரல. சாயங்காலத்துக்குள்ள ஓடணும், இல்லாட்டி வேலையை விட்டுப் போ!"

புக்கிங் பார்க்கும் ஜெசிந்தா நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், இலை எடுப்பவர்களிடம் ஏதோ சொன்னாள்.

முதல் பந்தி எழுந்தது. எச்சில் இலைகள் அப்படியே கிடக்க, மாப்பிள்ளை வீட்டார் உட்கார இடமில்லாமல் நின்றார்கள்.

முதலாளி ஓடிவந்தார். "சாப்பிட்டவங்க போயாச்சே, ஏன் இலையை எடுக்கல?"

"எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலீங்க," என்றார் இலை எடுப்பவர்.

"இதைச் சொல்ல வேற வேணுமா?"

"கம்ப்யூட்டருக்கும் சொல்லணுங்க ஐயா," என்றாள் ஜெசிந்தா. "நீங்க அழிச்சதெல்லாம், ஃபைலைச் சேமிச்சு வைக்கிற எஸ்எஸ்டிக்குள்ள எச்சில் இலையாக் கிடக்கு. எடுக்கச் சொல்ற டிரிம் வசதியைத் தெண்டம்னு நிறுத்த வெச்சது நீங்கதான்."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார்.

"போய் அதைப் போட்டுத் தொலைம்மா," என்றார் முதலாளி. "முதல்ல இந்த இலையை எடுக்கச் சொல்லு!"

சாயங்காலம் கம்ப்யூட்டர் ஓடியது. ஜெசிந்தா அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.