கேட்ட மெட்டின் சரணம்

மாவு மில்லில் வேலை பார்க்கும் ஜெபசெல்வி, பல்கலைக்கழகத்தில் இசையமைப்புப் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்காணலில் துறைத் தலைவர் வைகுந்தநாதன் வைத்தது ஒரே பரீட்சைதான்: “இதுவரை யாரும் கேட்டிராத மெட்டு ஒன்று போட்டுப் பாடு.” ஆனால் யாரையும் பல்லவி தாண்ட விடமாட்டார் மனுஷன். “இது எப்போதோ கேட்ட மெட்டு, நீ போகலாம்” என்பார். ஆறு பேர் அழாத குறையாக வராந்தாவில் நின்றார்கள். ஏழாவதாக ஜெபசெல்வியைக் கூப்பிட்டார்கள்.

எப்படியோ பல்லவியைப் பாடி முடித்துவிட்டாள்.

“கேட்ட மெட்டுதான்” என்றார் தலைவர். “முழுப் பாட்டும் எனக்குத் தெரியும்.”

ஜெபசெல்வி நோட்டைத் திறந்தாள். “ரொம்ப நல்லதாப் போச்சு, சார். சரணத்தை மட்டும் பாடுங்க, எழுதிக்கிறேன். மூணு மாசமா மில்லுல நின்னு யோசிக்கிறேன், எனக்கு அது இன்னும் வரலை.”

தலைவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். செருமலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை வாசலில் நின்ற பியூனைக் கூப்பிட்டார்.

“வராந்தாவுல நிக்கிற ஆறு பேரையும் மறுபடி உள்ளே வரச் சொல்லுப்பா.”