கை எட்டும் தழை

கோமதிநாயகம் அன்று காலை சட்டைப்பையில் ஒரு படிவத்தோடு வடிவம்மையைத் தேடி வந்தார். படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் பேனாவால் நிரப்பியிருந்தார். ஒரு கட்டத்தில் மட்டும் பென்சில். ‘நாள் ஒன்றுக்கு மலையேறுவோர் எண்ணிக்கை’ என்ற கட்டம் அது.

வடிவம்மை மலையடியில் ஒரு கல்மண்டபத்தில் தனியாக இருக்கும் துறவி. வயது நாற்பத்திரண்டு. கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தொன்பது. மனைவி இறந்த வருடம் அவர் மூன்று நாள் அந்த மண்டபத்தில் பேச்சில்லாமல் கிடந்தார். வடிவம்மை ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, வேளாவேளைக்குக் கஞ்சி மட்டும் வைத்தார். நான்காம் நாள் எழுந்தவருக்கு அவர்தான் குரு என்று ஆகிவிட்டது. பதினேழு வயது இளையவள் முன்னால் போய்க் கை கட்டி நிற்கிறாரே என்று சுனையடி ஊரில் கேலி பேசாத வாய் இல்லை. வாடகை வேன் ஓட்டி ஊர்ப்பட்ட வாயைக் கேட்டவர், அதனால் அது அவருக்கு உறைக்கவே இல்லை.

“என்ன அண்ணாச்சி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார் வடிவம்மை.

“பதினோரு மணிக்கு ஃபாரஸ்ட் ரேஞ்சர் வாராரு அம்மை. எண்ணிக்கை கேப்பாரு.”

“எழுதியாச்சுல்லா?”

“பென்சில்ல எரநூறுன்னு எழுதியிருக்கேன். சரியா தப்பான்னு நீங்க சொல்லணும்.”

விஷயம் இதுதான். சுனையடிக்கு மேலே இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. வரையாடு மேய்கிற இடம். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்களை அழைத்துப் போக ஊர்ச் சங்கத்துக்கு மூன்று மாதம் சோதனையாக அனுமதி கிடைத்தது. சங்கச் செயலாளர் கோமதிநாயகம். இன்று அவர் எழுதுகிற எண்தான் இனி அந்தப் பாதைக்குச் சட்டம். எழுதாமல் விட்டால், வெளியூர்க் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கும் முந்நூறு நிற்கும். பாதையும் அவர்கள் கைக்குப் போகும்.

இருபத்திரண்டு வீடுகள் அவரை நம்பியிருந்தன. வருடத்தில் ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போய்விடுகிற வீடுகள். “இந்த வருசம் யாரும் போவாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர். சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

“மேல போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று வடிவம்மை எழுந்தார். “வாங்க.”

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம். இந்த மூன்று மாதத்தில் வடிவம்மை மலை ஏறவே இல்லை. போய்ப் பார்த்தால் மறுபேச்சு இருக்காது என்று நினைத்தார். பாதையில் ஒரு பிளாஸ்டிக் தாள் கிடையாது. பாட்டுப் பெட்டிக்கு அனுமதி இல்லை. பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். வடிவம்மை கேட்டுக்கொண்டு வந்தார்.

கால் மணி நேரத்தில் தழைக்கல் வந்தது. ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. முழங்கால் உயரக் கல், பக்கத்தில் ஒரு குருந்த மரம். மலை ஏறுகிறவர் அந்த மரத்தில் ஒரு கொத்துத் தழை ஒடித்துக் கல்மேல் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். சுனையடியில் தழை போடாமல் ஏறியவர் கிடையாது.

“போடுங்க அண்ணாச்சி.”

கோமதிநாயகம் கையைத் தூக்கினார். கைக்கு வெறும் குச்சிதான் அகப்பட்டது. சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார். அங்கும் குச்சிதான். கல்லைச் சுற்றி உலர்ந்த தழை இடுப்பளவு குவிந்து கிடந்தது. மரத்தில் பச்சை என்று பார்த்தால் உச்சியில் ஒரு குடையளவு மிச்சம் இருந்தது.

அதனால் என்ன என்று பாறையில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்தார். நல்ல நீளமான மூங்கில், நுனியில் இரும்புக் கொக்கி.

“இது யாரு கொண்டாந்தது?”

“நான்தான் அம்மை. ரெண்டாம் மாசமே கைக்கு எட்டாமப் போச்சு. தழை போடாம யாரையும் ஏத்தக் கூடாதுல்லா? அதான் வச்சேன்.” குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “இனிமே இதுவும் எட்டலேன்னா, கீழேருந்து வேன்ல வேப்பிலை கொண்டாந்து ஆளுக்கு ஒரு கொத்து குடுத்திரலாம்னு இருக்கேன்.”

“சாமி வேண்டாம்னா சொல்லப்போவுது” என்றார் வடிவம்மை.

கோமதிநாயகம் சிரித்தார். வடிவம்மை சிரிக்கவில்லை.

“முந்தி தொரட்டி உண்டா?”

“இல்ல.”

“எட்டலேன்னா என்ன செய்வாவ?”

கோமதிநாயகம் தொரட்டியைத் தரையில் ஊன்றினார். அவருக்குத் தெரியாதா? சுனையடியில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கத்தி கூடாது, கல் வைத்து ஏறக் கூடாது, எக்கக் கூடாது. நின்ற இடத்தில் கை எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அன்றைக்கு மலை இல்லை, திரும்பிவிட வேண்டும். வந்த விருந்தாளிகளுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பாதியை வாய் தவறிக்கூட அவர் சொன்னதில்லை.

வடிவம்மை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மை, மணி பத்தே கால். ரேஞ்சரும் பின்னாலயே மேல வந்திருவாரு. இன்னைக்கு ஒருநாள் ஏறிரலாம்.”

“ஏறுங்க. நான் இருக்கேன்.”

“நீங்க பாக்காம நான் எப்படி எழுத?”

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

கோமதிநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவிடம் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

“உங்களுக்கென்ன அம்மை, ஒத்தைக் கட்டை. ஒரு கை அரிசியில நாள் போயிரும். இருபத்திரண்டு வீட்டுக்கு வாக்குக் குடுத்தவன் நான். நாளைக்கு அத்தனையும் சூளைக்கு லாரி ஏறுச்சுன்னா, தெருவுல நான் எந்த மொகத்தோட நடக்க?”

சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆமா” என்றார் வடிவம்மை. “வாக்குக் குடுத்தது நீங்கதான்.”

தொரட்டி இன்னும் கோமதிநாயகத்தின் கையில் இருந்தது. வடிவம்மை அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மொத வாரம் எத்தனை பேர் வந்தாவ?”

“பதினோரு பேர்.”

“எங்க சாப்பிட்டாவ?”

“ஆளுக்கு ஒரு வீட்டுல. மூணு நாள் இருந்தாவ. பேச்சியம்மா வீட்டுல தங்கின டீச்சர் போறப்போ அழுதுட்டாவ.”

“போன ஞாயித்துக்கிழமை?”

“எரநூறு பேர்.”

“எங்க சாப்பிட்டாவ?”

கோமதிநாயகம் தொரட்டியைப் பார்த்தார். “பொட்டலச் சோறு கொண்டாந்தாவ. அஞ்சு மணிக்கெல்லாம் பஸ் ஏறிட்டாவ.”

“மொத வாரம் வரையாடு எத்தனை நின்னுச்சு?”

“முப்பத்தொண்ணு.”

“போன ஞாயித்துக்கிழமை?”

இதை அவர் படிவத்தில் எழுதவில்லை. சங்கத்தில் சொல்லவில்லை. வழிகாட்டிப் பையன்களிடம்கூட, பனி மூடியிருந்ததால் தெரியவில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார்.

“ஒண்ணுகூட இல்ல அம்மை.”

“பனியா?”

“வெயிலு” என்றார். “பளிச்சுன்னு வெயிலு.”

கீழே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ரேஞ்சர் எபனேசர் மூச்சு வாங்க நடந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். என்றாலும் இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து தழை போடாமல் ஏறியதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, பழக்கத்தில் கையைத் தூக்கினார். குச்சி முறிந்தது. அண்ணாந்து பார்த்தார்.

“அந்தத் தொரட்டியைக் குடுங்க அண்ணாச்சி.”

“வேண்டாம் சார்.”

கோமதிநாயகம் கீழே உட்கார்ந்து, தொரட்டியை மடியில் சாய்த்து, கொக்கியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவரே இறுக்கிப் போட்ட முடிச்சு. லேசில் அவிழவில்லை, கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். கொக்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப மேல போறது எப்படி?” என்றார் ரேஞ்சர்.

“இன்னைக்கு மலை இல்ல சார்.”

“வெளையாடாதீங்க. மூணு மணிக்குள்ள நான் எண்ணிக்கை அனுப்பணும். கம்பெனிக்காரன் முந்நூறு போட்டிருக்கான். நீங்க வெறுமனே விட்டா அதுதான் நிக்கும், பொறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“வெறுமனே விடல.”

படிவத்தை எடுத்துப் பாறைமேல் வைத்தார். இருநூறை விரலால் தேய்த்து அழித்தார். முழுக்க அழியவில்லை. அதன் மேலேயே பேனாவால் எழுதினார். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு வழிந்தது. ரேஞ்சர் வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

“‘குருந்த மரத்தில் நின்ற இடத்தில் கை எட்டும் தழை எத்தனையோ, அத்தனை பேர். ஆளுக்கு ஒரு வீடு, மூன்று நாள்.’”

இரண்டாம் முறை மனதுக்குள் படித்தார்.

“மரம் தழைக்க எத்தனை நாளாவும்?”

“ஒரு மழை பெய்யணும்.”

“அதுவரைக்கும் அந்த இருபத்திரண்டு வீடு?”

அந்த ஒரு கேள்விக்குத்தான் கோமதிநாயகம் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

“இப்பவே போய்ச் சொல்லுதேன். ஒவ்வொரு வீடா ஏறித்தான வாக்குக் குடுத்தேன், ஒவ்வொரு வீடா ஏறித்தான் சொல்லணும். ஏசுவாவ. ஏசட்டும். வேன் இன்னும் எங்கிட்ட இருக்கு சார். மழை வார வரைக்கும் டவுனுல வேலைக்குக் கூட்டிட்டுப் போயி, பொழுது சாய வீட்டுல கொண்டாந்து விட்டுருவேன். சூளைக்கு லாரி ஏற விட மாட்டேன்.”

ரேஞ்சர் அவரை விட்டுவிட்டு வடிவம்மையைப் பார்த்தார். இந்த ஆளுக்குப் புத்தி சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தானே.

“நீங்களாவது சொல்லுங்க அம்மை. மேலிடத்துல ஒரு எண்ணைத்தான் கேப்பாவ. இந்த மலைக்கு எத்தனை பேர்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

வடிவம்மை குருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினார்.

“இங்கன இத்தனை காலமா யாரும் ஆளை எண்ணினதில்ல” என்றார். “தொரட்டி வந்த பொறவுதான் எண்ண வேண்டி வந்துச்சு.”