மூன்றாம் சரணம்

“நாளைக்கு என்னால பாட முடியாது, டீச்சர்.”

தேவசித்தம் வெள்ளை அங்கியை மடித்து ஆர்மோனியத்தின் மேல் வைத்தார். பாடகர் குழுவில் கனத்த கீழ்க்குரலில் பாட அவரும் தங்கையாவும் மட்டும்தான் இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த தபால்காரர் எபனேசர் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை.

குழுவை நடத்தும் பியூலா அவர் மகளைவிட இளையவள். அங்கியைத் தொடவில்லை.

“தொண்டை சரியில்லையா, அண்ணாச்சி?”

“தொண்டைக்கு ஒண்ணுமில்ல.”

போன மாதம்தான் அவர் மகன் மீது லாரி மோதியது. அடக்கம் செய்த அன்று இதே குழுதான் கல்லறையில் பாடியது.

“மூணாம் சரணத்துல, நீர் செஞ்சதெல்லாம் நல்லதுன்னு வருது. ஆண்டவர் முன்னால நின்னு பொய் சொல்லச் சொல்றியளா?”

“மத்த சரணம்?”

“அதெல்லாம் பாடிருவேன்.”

தங்கையா குறுக்கே விழுந்தார். “நீரு போயிட்டா நான் ஒத்தைக்கு நின்னு பாடணும்வே. எருமை உள்ள வந்துட்டுன்னு கோயில்ல கதவை அடைப்பானுவோ.”

யாரோ சிரித்தார்கள். தேவசித்தம் சிரிக்கவில்லை.

“சரி, அண்ணாச்சி” என்றாள் பியூலா. “போறதுக்கு முன்னால எபனேசருக்கு அந்த ஆமென் மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க.”

கடைசி ஆமென் மிக நீளம். எபனேசர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். பாதியில் முகம் சிவந்து இருமல் வந்தது.

“நிறுத்தும்வே” என்றார் தேவசித்தம். “முழுசையும் நீரே பாடணும்னு யாரு சொன்னா?”

“பின்னே?”

“நெஞ்சு முட்டுச்சுன்னா வாயை மூடிக்கிடும். மூச்சை எடும். பிறகு சத்தம் காட்டாம உள்ள வந்து சேரும்.”

“நான் மூடிக்கிட்டா பாட்டு அறுந்துராதா?”

“எப்படிவே அறும்? பக்கத்துல நிக்கவன் பாடிக்கிட்டுதான இருக்கான்? அவன் நிறுத்தும்போது நீரு பாடுவீரு. கேக்கிறவனுக்கு ஒரே பாட்டுதான்.”

எபனேசர் யோசித்தார்.

“எவ்வளவு நேரம் மூடிக்கிடலாம், அண்ணாச்சி?”

தேவசித்தம் பதில் சொல்ல வாயெடுத்தார்.

பியூலாவைப் பார்த்தார். அவள் ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்துகொண்டிருந்தாள்.

“அங்கியை எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி. ஆர்மோனியக் கட்டை மறையுது.”

அவர் எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தங்கையாவுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் போய் நின்றார்.

“முதல்ல இருந்து” என்றாள்.

முதல் சரணம் பாடினார். இரண்டாம் சரணமும் பாடினார்.

மூன்றாம் சரணம் வந்தது. தேவசித்தம் வாயை மூடிக்கொண்டார்.

தங்கையா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு ஆள் சத்தத்தில் பாடினார்.