தொம்மையின் காய்ச்சல்

தேரிக்காட்டை ஒட்டி ஒரு தியான இல்லம் இருந்தது. செம்மணலும் பனைகளும் தவிர அக்கம்பக்கத்தில் எதுவும் கிடையாது.

மனைவியை அடக்கம் செய்த கையோடு கஸ்பார் அங்கே வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரே மகன் டெரன்ஸ் கப்பலில் வேலை பார்த்தான். தாயின் குழிமேட்டில் நின்றே அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன், அதன்பிறகு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

இல்லத்தை நடத்திவந்த சிஸ்டர் எமரென்சியாவுக்கு கஸ்பாரின் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் கஸ்பார் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அந்த அம்மாவிடம். விடியலில் சின்னக் கோயிலில் முழங்காலிடுவார். மகன் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஆண்டவரிடம் கேட்பார். அறைக்குத் திரும்பியதும் போனை எடுத்துப் பார்ப்பார். மழை வந்து போயிற்று. தேரியில் மறுபடியும் மணல் பறக்கத் தொடங்கியது.

ஒரு மத்தியானம் கஸ்பார் பையோடு வந்து நின்றார்.

"சிஸ்டர், நான் வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுல யாரு இருக்கா, அண்ணாச்சி?"

"யாரும் இல்ல. இங்க மட்டும் யாரு இருக்கா? கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்திப்போச்சு. இன்னும் எத்தன நாள் காத்துக் கிடக்க? பொறுமை பொறுமைங்கீங்களே, அது எங்கதான் கிடைக்கும்? அதையாவது சொல்லுங்க."

சிஸ்டர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. தொம்மைக்குக் காய்ச்சல் கூடிட்டு. நான் ஸ்கூட்டர்ல போய் டாக்டரைக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் அவர் பக்கத்துல இருங்க."

தொம்மை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். சொந்தபந்தம் இல்லாதவர். கஸ்பார் அவரோடு அதிகம் பேசியதில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துணியை நனைத்து நெற்றியில் போட்டார். போட்டதும் காய்ந்தது.

திடீரென்று தொம்மை கண்ணைத் திறந்தார்.

"யாரு இருக்கா? யாருமே இல்லியா?"

"நான் இருக்கேன், தொம்மை. கஸ்பாரு."

அந்தக் கண்கள் நேராகக் கஸ்பாரின் முகத்தில்தான் நின்றன. ஆனால் பார்க்கவில்லை.

"எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டீங்களே, பாவிகளா!"

கஸ்பார் அவர் கையைப் பிடித்தார். தொம்மை உதறினார். நகம் கீறி, கஸ்பாரின் மணிக்கட்டில் ரத்தம் துளிர்த்தது.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. கஸ்பார் வாசலைப் பார்த்தார்.

"யாருமே இல்லியா?" தொம்மையின் குரல் குழந்தையுடையதுபோல உடைந்தது.

கஸ்பாருக்குக் கண் கலங்கியது. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபின் அவர் வாயைத் திறக்கவில்லை. துணியை நனைத்தார், பிழிந்தார், போட்டார். பஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. காற்று மட்டும் ஜன்னலில் மணலை வீசிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது சிஸ்டர் டாக்டரோடு வந்தார். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொம்மைக்கு வியர்த்தது. அமைதியாகத் தூங்கினார். டாக்டர் புறப்பட்டுப் போனார்.

சிஸ்டர் கஸ்பாரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கீறலைக் கழுவிவிட்டார்.

"பஸ் போயிட்டே, அண்ணாச்சி."

"போகட்டும்."

"தொம்மை ஏதாவது சொன்னாரா?"

"யாருமே இல்லியான்னு ஒரே கத்து. மூஞ்சிக்கு நேரா இருக்கேன், அவருக்குத் தெரியல்ல."

"கோபம் வரலியா? எந்திரிச்சுப் போயிருக்கலாமே?"

"காய்ச்சல்ல கிடக்கிற மனுசன்கிட்ட என்ன கோபம், சிஸ்டர்? தெளியட்டும்னு இருந்தேன்."

"பதிலாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். காதுல ஏறல்ல. அப்புறம் சும்மா இருந்தேன்."

"தெளியாமலே பொழுது போயிருந்தா?"

"தெளியுற மட்டும் இருந்திருப்பேன். விட்டுட்டா போக முடியும்?"

சிஸ்டர் குழாயை அடைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"கோயில்ல காத்துக் கிடக்கிறது நீங்கதான்னு உங்களுக்கு யாரு சொன்னா, அண்ணாச்சி?"