ஜோவிட்டாவின் இரண்டு மார்க்குகள்

தூத்துக்குடியில் ஜூடு என்று ஒரு லாரிக்காரர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆசாமி. அவருடைய ஒரே மகள் ஜோவிட்டா, நாலு வயதாகியும் எதைக் கேட்டாலும் கையை நீட்டி "அது, அது" என்பாள். பெற்றவர்கள் அவளைப் பேச்சுப் பயிற்சி தரும் நஸ்ரினிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நஸ்ரின் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டு, முதலில் ஒரு தேர்வு வைத்தார்.

பல மாதப் பயிற்சிக்குப் பிறகு அதே தேர்வு மறுபடியும் நடந்தது. அன்று கோயில் திருவிழாவும் இல்லை, பண்டிகையும் இல்லை. ஆனால் ஜோவிட்டா புதுக் கவுன் போட்டு, டப்பா நிறைய மக்ரூன் இனிப்போடு வந்தாள். "மிஸ், உங்களுக்கு ரெண்டு!"

முடிவுத்தாளில் இரண்டு வரிகள். மேல் வரி, சரியாகச் சொன்ன பதில்கள்: முன்பு முப்பது, இப்போது முப்பத்தெட்டு. கீழ் வரி, தர மதிப்பெண்: முன்பு எண்பது, இப்போது எழுபத்துநாலு.

ஜூடுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "மார்க்கு எறங்கிருச்சே! இதுக்கா இம்புட்டு மாசமா அலைஞ்சோம்? போதும், நிறுத்திருவோம்."

"ஏங்க, எட்டு பதில் கூடச் சொல்லிருக்காளே, அது உங்க கண்ணுல படலயா? நிறுத்த வேண்டாங்க," என்றாள் மனைவி பெனிட்டா. அவளுக்குப் பயிற்சி நின்றால் பிள்ளை மறுபடி "அது, அது"வுக்கே போய்விடுமோ என்ற பயம்.

நஸ்ரின் சொன்னார்: "ரெண்டு வரியுமே சரிதான் சார்."

அட, இதென்ன கூத்து! தேர்வு அதேதான், திருத்தியதிலும் பிழையில்லை. கூடுதலாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு மார்க் எப்படிக் குறையும்? நிறுத்தச் சொன்னவர் சரியா, தொடரச் சொன்னவள் சரியா? மக்ரூன் டப்பாவை மறக்காமல் யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: அது பிறந்தநாள் மக்ரூன். ஜோவிட்டாவுக்கு அன்று ஐந்து முடிந்தது. மேல் வரி அவள் எவ்வளவு சொன்னாள் என்பது. கீழ் வரி, அவள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே எங்கே நிற்கிறாள் என்பது. முன்பு நாலு வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள், இப்போது ஐந்து வயதுப் பிள்ளைகளோடு. இவள் முன்னே நடந்துதான் வந்திருக்கிறாள், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அப்படியானால் பயிற்சியை நிறுத்தலாமா? பெனிட்டா சொன்னதே சரி.

விஷயம் புரிந்ததும் ஜூடு தலையைச் சொறிந்தார். "அப்ப வாரத்துல இன்னொரு நாளும் கூட்டிட்டு வரலாமா மேடம்?"

ஜோவிட்டா டப்பாவை நீட்டினாள். "அப்பா, நீ இன்னும் ஒண்ணுகூட எடுக்கல."