பழைய இரத்தம்

நோர்வேயின் வடகரையில், கடலுக்குள் வலைக்கூடு கட்டிச் சால்மன் வளர்க்கும் ஓர் ஊர். அங்கே மீன்களுக்கு வைத்தியம் பார்த்தவர் சிவகௌரி. அவரிடம் தொழில் கற்றவர் தவனேசன். ஆசிரியரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபது வருடம் மீன் வெட்டித் தோள் போனபின் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தார்.

ஐப்பசியில் அவருடைய மனைவி பாமினி இறந்துபோனார். நாலாம் நாள் தவனேசன் வேலைக்கு வந்துவிட்டார். சுகமோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சுகம் என்றார். போனில் தங்கையிடமும் அதையே சொன்னார்.

தை மாதம் ஏழாம் கூட்டில் மீன்கள் சாகத் தொடங்கின. தவனேசன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினார்.

“காயம் ஒண்டும் இல்லை டொக்டர். போன கிழமையும் தீன் எடுத்தது. பிறகேன் செத்தது?”

சிவகௌரி கத்தியை அவரிடமே நீட்டினார்.

தவனேசன் வயிற்றைக் கீறிக் குடலை விலக்கினார். முள்ளந்தண்டின் கீழே, கருஞ்சிவப்பாய் இருக்கவேண்டிய சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. அதில் வெள்ளை வெள்ளையாய்க் கட்டிகள். செவுளை உயர்த்தினார். வெளிறியிருந்தது.

“எங்களுக்கு எலும்புக்குள்ள இரத்தம் ஊறும். மீனுக்கு இந்த இடத்தில,” என்றார் சிவகௌரி.

“இதையோ? ஊத்தை இரத்தம் எண்டு இவ்வளவு காலமும் கரண்டியால வழிச்செறிஞ்சனான்.”

“கிருமி இங்கதான் இருந்திருக்கு. அதைத் தின்னப் போன வெள்ளை இரத்த அணுக்களுக்கு உள்ளேயே குடியிருந்திட்டுது.”

“எவ்வளவு காலமா?”

“மாதக்கணக்கா.”

“இரத்தம் ஊறாமல் எப்பிடி நீந்தினது?”

“முந்தி ஊறினது கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியுமட்டும் நீந்தினது.”

தவனேசன் கத்தியை வைத்தார். கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். வெளியே கூட்டுக்குத் தீன் தூவும் இயந்திரம் ஓடி நின்றது.

“வீட்டில படுக்கேலாமல் இருக்கு டொக்டர்,” என்றார். “மூண்டு மாசமா காருக்குள்ளதான் படுக்கிறன்.”

சிவகௌரி நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தக் குளிருக்கயோ? ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?”

“என்னத்தைச் சொல்லுறது? வேலைக்கு ஒழுங்கா வந்து போறன்தானே.”

சிவகௌரி மீனைத் துணியால் மூடினார். கதிரை ஒன்றை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்.

“மீன் வாய் திறந்து சொல்லாது, அண்ணை. அதாலதான் செத்தபிறகு வெட்டிப் பாக்கிறம்.”